உணவக அன்பளிப்பும் கட்டணப் பகிர்வும்

உணவக அன்பளிப்பு என்பது, உணவகத்தில் உண்டவர் கட்டணச்சீட்டில் உள்ள தொகைக்கு மேல், தமக்குப் பரிமாறிய ஊழியருக்குத் தம் விருப்பப்படி கொடுக்கும் சிறு தொகை ஆகும். பேச்சு வழக்கில் இது டிப்ஸ் என்று அழைக்கப்படுகிறது. கட்டணப் பகிர்வு என்பது பலர் சேர்ந்து உண்டபின் மொத்தத் தொகையைத் தமக்குள் பிரித்துக்கொள்வதைக் குறிக்கும். இவை இரண்டும் தனித்தனியான செயல்கள் எனினும், ஒரே மேசையில், ஒரே சில நிமிடங்களில், பெரும்பாலும் ஒருவரே மனக்கணக்காகச் செய்ய வேண்டியவை என்பதால் சேர்த்தே நோக்கப்படுகின்றன. கணக்கு எளிது. ஆயினும் எந்தத் தொகையின் மீது விழுக்காடு போடுவது, கொடுத்த பணம் யார் கைக்குப் போகிறது, குறைவாக உண்டவர் எவ்வளவு கொடுப்பது ஆகிய கேள்விகளில் நியாயமும் சட்டமும் கலந்துள்ளன.

இக்கட்டுரையில் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்குகள் புதுச்சேரி நகரின் உப்பளம் பகுதியைக் களமாகக் கொண்டவை. பிரெஞ்சுக்காரர் அமைத்த பழைய நகரப் பகுதிக்குத் தெற்கே அமைந்துள்ள உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டு அரங்கம் உள்ளது. ஆட்டம் முடிந்து கூட்டமாகச் சாப்பிடச் செல்லும் இளைஞர்களும், வார இறுதியில் சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் நண்பர் குழுவாக வருபவர்களும் இப்பகுதியில் வழக்கமாகக் காணப்படுபவர்கள். எடுத்துக்காட்டுகளில் வரும் விலைகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. எந்த உணவகத்தின் விலைப்பட்டியலும் அல்ல.

பெயர்கள்

தமிழில் இதற்கு இனாம், பக்சீசு ஆகிய சொற்கள் முன்பு வழங்கின. முன்னது அரபு மொழியிலிருந்தும் பின்னது பாரசீகத்திலிருந்தும் வந்தவை. இன்று டிப்ஸ் என்பதே எங்கும் வழங்குகிறது. பிரெஞ்சு மொழியில் இது பூர்புவார் எனப்படும். "குடிப்பதற்காக" என்பது அதன் நேர்ப்பொருள். செருமன் மொழியின் டிரிங்க்கெல்டு என்னும் சொல்லுக்கும் "குடிக்கும் பணம்" என்பதே பொருள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சுமை இறக்கியவரோ வண்டி ஓட்டியவரோ கூலிக்கு மேல் கேட்கும் சிறு தொகை "டீக்காசு", "காப்பிக் காசு" என்று சொல்லப்படுவது இங்கு நோக்கத்தக்கது. ஒன்றையொன்று பார்த்து உண்டாகாத இவ்வழக்குகள், கொடுப்பது கூலி அன்று, ஒரு வாய் குடிப்பதற்கான காசு மட்டுமே என்று ஒரே வகையில் பணத்தைச் சிறிதாக்கிக் காட்டுகின்றன.

டிப் என்னும் ஆங்கிலச் சொல், விரைவான சேவையை உறுதிப்படுத்தல் என்னும் பொருளுடைய ஒரு தொடரின் முதலெழுத்துகளால் ஆனது என்று சொல்லப்படுவது பிழையானது. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் வழக்கம் பரவுவதற்கு நெடுங்காலம் முன்பே, "கொடு" என்னும் பொருளில் அச்சொல் கொச்சை வழக்கில் இருந்துள்ளது.

கட்டணச்சீட்டின் உறுப்புகள்

அன்பளிப்பைக் கணக்கிடுமுன் கட்டணச்சீட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் குளிரூட்டப்படாத உணவகங்களுக்கு 12 விழுக்காடும் குளிரூட்டப்பட்டவற்றுக்கு 18 விழுக்காடும் வரி விதிக்கப்பட்டது. 2017 நவம்பர் 15 முதல் பெரும்பாலான உணவகங்களுக்கு இது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. உணவகங்கள் தாம் வாங்கும் பொருள்களுக்குச் செலுத்திய வரியை ஈடாகப் பெறும் உரிமை அப்போது நீக்கப்பட்டது. நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறை வாடகை வாங்கும் விடுதிகளுக்குள் அமைந்த உணவகங்களில் 18 விழுக்காடு வாங்கப்படுகிறது.

5 விழுக்காடு வரி, சீட்டில் இரண்டு வரிகளாக, 2.5 விழுக்காடு மத்திய வரி என்றும் 2.5 விழுக்காடு மாநில வரி என்றும் அச்சிடப்படும். புதுச்சேரி ஓர் ஒன்றியப் பகுதி என்றாலும், சட்டமன்றம் உடையது என்பதால் மாநிலங்களைப் போலவே மாநில வரி விதிக்கிறது. சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதிகளில் இவ்விடத்தில் ஒன்றியப் பகுதி வரி என்று இருக்கும். இதனால் உப்பளத்தில் கிடைக்கும் சீட்டும் கடலூரில் கிடைக்கும் சீட்டும் ஒரே வடிவில் அமைந்துள்ளன.

சிறிய உணவகங்கள் சில வரியே போடுவதில்லை. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் உள்ளவை பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. 1.5 கோடி ரூபாய் வரை விற்பனை உள்ள உணவகங்கள் இணக்கத் திட்டத்தில் சேர்ந்து, தம் விற்பனை மீது 5 விழுக்காட்டைத் தாமே செலுத்தலாம். அவ்வாறு சேர்ந்தவர்கள் வாடிக்கையாளரிடமிருந்து வரியைத் தனியாக வாங்கக் கூடாது. வரி வாங்கும் தகுதி தமக்கு இல்லை என்பதைச் சீட்டிலேயே குறிப்பிடவும் வேண்டும்.

மது வகைகளுக்கு நிலைமை வேறு. மனிதர் அருந்தும் மது, சரக்கு மற்றும் சேவை வரிக்கு வெளியே உள்ளது. அதற்கு மதிப்புக் கூட்டு வரியே விதிக்கப்படுகிறது. மதுவுடன் உணவு வழங்கும் விடுதிகள் நிறைந்த புதுச்சேரியில் இது முக்கியமானது. ஒரே மேசைக்கு வரும் கணக்கில் உணவுக்கு ஒரு வரியும் மதுவுக்கு வேறு வரியும் இருப்பதால், முழுத்தொகையின் மீதும் ஒரே விழுக்காட்டைப் போட்டுப் பார்ப்பவருக்குக் கணக்கு ஒத்துவராது.

சேவைக் கட்டணம்

சில உணவகங்கள் சீட்டிலேயே 5 முதல் 10 விழுக்காடு வரை சேவைக் கட்டணம் சேர்ப்பது உண்டு. இது வரி அன்று. அரசுக்குச் செல்வதும் அன்று. 2017க்கு முன் சேவை வரி என்று வேறொன்று இருந்தமையால் மக்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டனர். அவ்வரி முழுத்தொகையின் 40 விழுக்காட்டின் மீது மட்டும் விதிக்கப்பட்டது. 2015 சூனில் வரி வீதம் 14 விழுக்காடானபோது உண்டவர் உண்மையில் கொடுத்தது 5.6 விழுக்காடு ஆகும். சேவை வரி 2017இல் மறைந்தது, சேவைக் கட்டணம் மறையவில்லை.

2017 ஏப்ரலில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, சேவைக் கட்டணம் கொடுப்பது வாடிக்கையாளர் விருப்பத்தைப் பொறுத்தது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2022 சூலை 4 அன்று மேலும் கண்டிப்பான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றின்படி:

* உணவகம் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சீட்டில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது.
* அதைக் கொடுக்குமாறு வற்புறுத்தக் கூடாது. கொடுப்பது விருப்பத்திற்குரியது என்பதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும்.
* கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமல் தடுப்பதோ சேவையை மறுப்பதோ கூடாது.
* உணவுக் கட்டணத்துடன் அதைச் சேர்த்து, கூட்டுத்தொகை மீது வரி போடக் கூடாது.

உணவக உரிமையாளர்களின் கூட்டமைப்புகள் இரண்டு இதை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடின. அதே மாதம் 20ஆம் நாள் இடைக்காலத் தடை கிடைத்தது. 2025 மார்ச்சு 28 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங், மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தார். மனுதாரர்கள் தலா ஒரு லட்சம் ரூபாய் செலுத்துமாறும் ஆணையிடப்பட்டது. இத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டுள்ளது. சேவைக் கட்டணத்தை நீக்க மறுக்கும் உணவகம் பற்றி 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

உரிமையாளர்கள் தரப்பு வாதத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சேவைக் கட்டணம் எல்லா ஊழியர்க்கும் பங்கிடப்படுகிறது என்றும், மேசையில் வைக்கும் பணம் பரிமாறுபவருக்கு மட்டும் போகிறது, சமையலறையில் பாத்திரம் துலக்குபவருக்குப் போவதில்லை என்றும் அவர்கள் கூறினர். இதில் உண்மை உண்டு. ஆயினும் சீட்டில் சேர்த்து வாங்கிய பணம் உரிமையாளரின் கணக்கிற்குச் சென்றபின் எவ்வளவு பங்கிடப்பட்டது என்பதை உண்டவரால் அறிய இயலாது.

அன்பளிப்பைக் கணக்கிடல்

இந்தியாவில் அன்பளிப்புக்குச் சட்ட விதி எதுவும் இல்லை. மேசைச் சேவை உள்ள உணவகங்களில் 5 முதல் 10 விழுக்காடு என்பது பரவலான வழக்கம். நின்று உண்ணும் கடைகளிலும், தாமே தட்டை எடுத்துவரும் இடங்களிலும் கொடுப்பதில்லை. வாழையிலைச் சாப்பாடு போடும் உணவகங்களில் பெரும்பாலோர் விழுக்காடு பார்ப்பதில்லை. கேட்காமலே இரண்டாம் முறை குழம்பு ஊற்றிய சர்வருக்கு 10 அல்லது 20 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போகின்றனர். சோம்பும் சர்க்கரையும் வைத்த சிறு தட்டில் சீட்டு வருவதும், மீதிச் சில்லறையை அத்தட்டிலேயே விட்டுச்செல்வதும் மற்றொரு வழக்கம்.

விழுக்காட்டை வரிக்கு முந்தைய தொகையின் மீது கணக்கிடுவதே முறை. வரி சேர்ந்த தொகையின் மீது கணக்கிட்டால் வரிக்கும் அன்பளிப்பு கொடுப்பதாகும். வேறுபாடு சிறிதே, 5 விழுக்காடு வரி உள்ள இடத்தில், 10 விழுக்காடு என்று நினைத்துக் கொடுப்பது 10.5 விழுக்காடாகிவிடும்.

மனக்கணக்குக்குப் பின்வரும் வழிகள் பயன்படும். 10 விழுக்காட்டுக்குத் தொகையின் கடைசி இலக்கத்தை நீக்கினால் போதும்: 1,840 ரூபாய்க்கு 184. அதில் பாதி 5 விழுக்காடு: 92. இரண்டையும் கூட்டினால் 15 விழுக்காடு: 276. சீட்டில் 5 விழுக்காடு வரி அச்சிடப்பட்டிருந்தால் கணக்கே தேவையில்லை. மொத்த வரித்தொகையே 5 விழுக்காட்டு அன்பளிப்பு ஆகும். அதை இரட்டித்தால் 10 விழுக்காடு. மத்திய வரி என்று எழுதிய ஒரு வரியை மட்டும் பார்ப்பவர் அதை நான்கால் பெருக்க வேண்டும். சீட்டில் மதுவும் இருந்தால் இவ்வழி உணவுப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சேவைக் கட்டணம் சேர்த்த சீட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். உணவின் விலை 1,800 ரூபாய். உணவகம் 10 விழுக்காடு சேவைக் கட்டணமாக 180 ரூபாய் சேர்த்து, 1,980 மீது 5 விழுக்காடு வரியாக 99 ரூபாய் போட்டால் மொத்தம் 2,079 ரூபாய். அக்கட்டணத்தை நீக்கச் சொல்லி, 1,800 மீது 90 ரூபாய் வரி கட்டி, அதே 180 ரூபாயைச் சர்வரிடம் நேராகக் கொடுத்தால் மொத்தம் 2,070 ரூபாய். வேறுபாடு 9 ரூபாய்தான். ஆனால் முதல் வழியில் 180 ரூபாய் உரிமையாளரிடமும் இரண்டாம் வழியில் ஊழியரிடமும் சேர்கிறது. சேவைக் கட்டணத்தைக் கவனியாமல் மேசையிலும் 180 ரூபாய் வைப்பவர் இருமுறை கொடுத்தவர் ஆவார்.

பணம் யாருக்குச் செல்கிறது

கொடுத்த அன்பளிப்பு இரண்டு வகையாகப் பங்கிடப்படுகிறது. முதல் வகையில், அந்தந்த மேசையில் பரிமாறியவர் தமக்குக் கிடைத்ததைத் தாமே வைத்துக்கொள்கிறார். இரண்டாம் வகையில், எல்லாப் பணமும் கல்லாவின் அருகே உள்ள பெட்டியில் போடப்பட்டு, இரவிலோ வாரக் கடைசியிலோ பிரிக்கப்படுகிறது. பெட்டி முறையில் சமையலருக்கும் மேசை துடைப்பவருக்கும் பங்கு கிடைக்கும். முதல் முறையில் இலை எடுத்து மேசை துடைப்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை; உணவகத்தில் மிகக் குறைந்த ஊதியம் பெறுபவரும் பொதுவாக அவரே.

கடன் அட்டை வழியாகக் கொடுத்த அன்பளிப்பு பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 2016 ஏப்ரலில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. ஐடிசி நிறுவனத்தின் விடுதிகளில் அட்டை மூலம் வந்த அன்பளிப்பை நிறுவனம் பெற்று ஊழியர்க்குப் பங்கிட்டது. அது சம்பளம் என்றும், அதற்கு நிறுவனம் வருமான வரி பிடித்தம் செய்திருக்க வேண்டும் என்றும் வரித்துறை கூறியது. அன்பளிப்பு உரிமையாளர் கொடுப்பதன்று, வாடிக்கையாளர் தம் விருப்பப்படி கொடுப்பது. எனவே அது சம்பளம் ஆகாது என்று நீதிமன்றம் கூறியது. ஊழியர் கையில் அது பிற வழி வருமானமாகவே கருதப்படும்.

கைபேசிக் கொடுப்பனவு இவ்வழக்கத்தை மாற்றியுள்ளது. 2016இல் தொடங்கிய யுபிஐ முறையில் சீட்டில் உள்ள தொகை காசு பிசகாமல் செலுத்தப்படுகிறது. மீதி என்று ஒன்று வருவதில்லை. எனவே தட்டில் விட்டுச்செல்லச் சில்லறையும் இல்லை. உணவகத்தின் குறியீட்டுப் படத்தை வருடிக் கூடுதலாகச் செலுத்தினால் அது உரிமையாளரின் வங்கிக் கணக்கில் சேரும். ஊழியருக்கே கொடுக்க விரும்புபவர் சில பத்து ரூபாய்த் தாள்களைக் கையில் வைத்திருப்பதோ, அவருடைய கைபேசிக் கணக்கிற்கு நேராக அனுப்புவதோதான் வழி.

கட்டணத்தைப் பகிர்தல்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மரபான வழக்கம் பகிர்தல் அன்று. ஒருவரே முழுத்தொகையையும் கட்டுவதாகும். அழைத்தவர், வயதில் மூத்தவர், அண்மையில் வேலை கிடைத்தவர் ஆகியோருள் ஒருவர் கட்டுவார். கல்லாவின் முன் இருவர் ஒருவர் கையை ஒருவர் தள்ளிக்கொண்டு நிற்பது இதன் விளைவே. இவ்வழக்கில் கணக்கு இல்லாமல் இல்லை. அடுத்த முறை மற்றவர் கட்டுவார் என்னும் நீண்ட காலக் கணக்கு அது. மாணவர்கள், உடன் பணிபுரிபவர்கள், விளையாட்டுக் குழுவினர் ஆகியோரிடையே பங்கு போடும் முறை பரவியுள்ளது.

உப்பளம் விளையாட்டு அரங்கில் ஆடிவிட்டு அருகில் சாப்பிடச் சென்ற ஆறு பேரை எடுத்துக்கொள்வோம். க, ச இருவரும் 160 ரூபாய் சைவச் சாப்பாடு. ட, த இருவரும் 240 ரூபாய் மீன் சாப்பாடு. ப, ம இருவரும் 300 ரூபாய் பிரியாணி. இவை தவிர 200 ரூபாய் வீதம் இரண்டு தட்டு மீன் வறுவல் நடுவில் வைக்கப்பட்டது. சைவர் இருவரும் அதைத் தொடவில்லை. உணவு 1,800 ரூபாய், வரி 90 ரூபாய், ஆக 1,890. அன்பளிப்பாக 110 ரூபாய் சேர்த்து 2,000 ரூபாயாக முழுமையாக்கினர். அன்பளிப்பு ஏறத்தாழ 6.1 விழுக்காடு.

சமமாகப் பிரித்தால் தலைக்கு 333 ரூபாய் 33 காசு.

உண்டதற்கேற்பப் பிரிக்க, முதலில் ஒவ்வொருவரின் உணவு விலையையும் காண வேண்டும். வறுவல் 400 ரூபாய் நால்வருக்கு மட்டும், ஆளுக்கு 100. எனவே க, ச 160. ட, த 340. ப, ம 400. பின்னர் வரியையும் அன்பளிப்பையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. கொடுக்கப்போகும் மொத்தத்தை உணவு விலையால் வகுத்தால் ஒரு பெருக்கெண் கிடைக்கும். இங்கு 2,000 ÷ 1,800 = 1.111. ஒவ்வொருவர் விலையையும் இதனால் பெருக்கினால் முறையே 177.78, 377.78, 444.44 ரூபாய். முழு ரூபாயாக்கினால் 178, 378, 444. இரட்டித்துக் கூட்டினால் சரியாக 2,000.

சமப் பகிர்வில் சைவச் சாப்பாடு உண்டவர் தம் பங்கைவிட 155 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறார். ஏறக்குறைய இன்னொரு சாப்பாட்டின் விலை. ஒருமுறை என்றால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு வாரமும் அதே குழு, அதே உணவு என்றால், குறைவாக உண்பவரும் கையில் பணம் குறைவாக உள்ளவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பர். அவர் வாய்திறந்து சொல்லத் தயங்கி, அடுத்த வாரம் "வீட்டில் வேலை இருக்கிறது" என்று வராமல் இருந்துவிடுவதும் உண்டு. குழுவில் சீட்டைக் கையில் எடுப்பவர் முதலில் பெரிய வேறுபாடுகளை மட்டும் (மது, அசைவத் தட்டுகள், பாதியில் எழுந்து சென்றவர்) தனியே எடுத்துவிட்டு, எஞ்சியதைச் சமமாகப் பிரிப்பது நடைமுறையில் போதுமானது. யார் எத்தனை இட்லி உண்டார் என்று எண்ணுவது கணக்கைச் செம்மையாக்கினாலும் நட்புக்கு உகந்ததன்று.

மேற்கண்ட ப, ம இருவரும் மது அருந்தியிருந்தால், அத்தொகையை அதன் வரியோடு அவர்கள் இருவருக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, உணவுப் பகுதிக்கு மட்டும் பெருக்கெண் காண வேண்டும். வரி வீதங்கள் வேறாகையால் இரண்டையும் ஒன்றாகப் பெருக்குவது பிழை.

சமப் பகிர்வும் செலவு மிகுதலும்

சமமாகப் பிரிக்கப்படும் என்று முன்பே தெரிந்தால் மக்கள் கூடுதலாக வாங்குவார்களா என்பது பொருளியலில் ஆராயப்பட்ட கேள்வி ஆகும். ஆறு பேர் குழுவில் ஒருவர் 240 ரூபாய்க்கு மேலும் ஒரு தட்டு வாங்கினால் அவர் கொடுப்பது 40 ரூபாய் மட்டுமே. மீதி 200 ரூபாயை மற்ற ஐவர் கொடுக்கின்றனர். ஒவ்வொருவரும் இவ்வாறு எண்ணினால் எல்லோரும் தாம் விரும்பியதைவிட அதிகம் செலவழித்து முடிப்பர். நடாலி கிளான்ஸ், பெர்னார்டோ ஹூபர்மேன் ஆகியோர் 1994இல் சமூக இக்கட்டுகள் பற்றி எழுதிய கட்டுரையில் இதை எடுத்துக்காட்டாகக் கையாண்டனர்.

யூரி நீசி, எர்னன் ஹருவி, ஹதாஸ் யாஃபே ஆகியோர் இசுரேலில் உண்மையான உணவகம் ஒன்றில் இதைச் சோதித்து 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒருவரை ஒருவர் அறியாத ஆறு பேர் கொண்ட குழுக்கள் அழைக்கப்பட்டன. அவரவர் உண்டதற்கு அவரவர் பணம் கொடுத்தபோது சராசரிச் செலவு ஏறத்தாழ 37 செக்கேல். சமமாகப் பிரித்தபோது ஏறத்தாழ 51. முழுச் செலவையும் ஆய்வாளர்களே ஏற்றபோது 82. தமக்கு எந்த முறை விருப்பம் என்று கேட்டபோது பெரும்பாலோர் தனித்தனியாகக் கொடுப்பதையே விரும்பினர். அறிமுகமற்றவர்களிடையே கண்ட இம்முடிவை நெருங்கிய நண்பர்களுக்கு அப்படியே பொருத்த இயலாது; நாளையும் அதே முகங்களைப் பார்க்க வேண்டும் என்பது ஒரு தடை.

பல நாள் கணக்கைத் தீர்த்தல்

புதுச்சேரிக்கு வரும் நண்பர் குழுக்கள் ஒவ்வொரு வேளையும் பிரிப்பதில்லை. ஒவ்வொரு வேளைக்கு ஒருவர் கட்டி, ஊர் திரும்பும்போது தீர்த்துக்கொள்கின்றனர். நால்வரில் க 3,600, ச 1,800, ட 600 ரூபாய் செலவழித்தனர், த எதுவும் செலவழிக்கவில்லை என்று கொள்வோம். மொத்தம் 6,000, தலைக்கு 1,500. ஒவ்வொருவரும் செலவழித்ததிலிருந்து 1,500ஐக் கழித்தால், க +2,100, ச +300, ட −900, த −1,500. இவற்றின் கூட்டுத்தொகை சுழியாக இருக்க வேண்டும். இல்லையெனில் எங்கோ பிழை உள்ளது. இனி யார் எந்த வேளைக்குக் கட்டினார் என்பதை மறந்துவிடலாம். த, க-வுக்கு 1,500. ட, க-வுக்கு 600. ட, ச-வுக்கு 300. மூன்று கொடுப்பனவுகளில் கணக்கு தீர்ந்தது.

எந்தக் குழுவிலும் ஆள்களின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவான கொடுப்பனவுகளுக்குள் தீர்த்துவிடலாம். ஏனெனில் ஒவ்வொரு கொடுப்பனவிலும் குறைந்தது ஒருவரின் கணக்கைச் சுழியாக்கலாம். கடைசிக் கொடுப்பனவில் இருவர் கணக்கு ஒன்றாகத் தீரும். குழுவுக்குள்ளேயே கூட்டுத்தொகை சுழியாகும் சிறு குழுக்கள் இருந்தால் இன்னும் குறையும். அவ்வாறான சிறு குழுக்களைக் கண்டுபிடித்து மிகக் குறைந்த எண்ணிக்கையை அடைவது, ஆள்கள் மிகும்போது கணினிக்கும் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது.

இக்கணக்கைச் செய்யும் செயலிகள் 2010களில் பரவின. 2011இல் தொடங்கிய ஸ்பிலிட்வைஸ் அவற்றுள் ஒன்று. யுபிஐ செயலிகளில் நண்பரிடம் பணம் கோரும் வசதியும் இருந்தது. மோசடிகளுக்கு அது பயன்பட்டதால், தனிநபர்களுக்கிடையே கோரிக்கை அனுப்புவதை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்துமாறு இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் பணித்தது. கொடுக்க வேண்டியவரே முன்வந்து அனுப்புவது அல்லது தன் குறியீட்டுப் படத்தைக் காட்டி வாங்குவது என்று வழக்கம் மாறியுள்ளது.

நாணய முறையும் வகுத்தலும்

1957 ஏப்ரல் 1 அன்று பதின்ம நாணய முறை வருமுன் இந்தியாவில் ஒரு ரூபாய் 16 அணாவாகவும், ஓர் அணா 12 பையாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 192 பை. 192 என்னும் எண் 2, 3, 4, 6, 8, 12 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடும். மூவர் ஒரு ரூபாயைப் பிரித்தால் ஆளுக்குச் சரியாக 5 அணா 4 பை. நூறு காசு கொண்ட ரூபாய் மூன்றால் வகுபடாது. பிரெஞ்சிந்தியாவில் ஒரு ரூபாய் எட்டுப் பணமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எனவே அரை, கால், அரைக்கால் என்னும் தமிழ்ப் பின்னங்கள் அதில் அப்படியே அமைந்தன. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது.

25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 சூன் 30 முதல் செல்லாதவை ஆயின. 50 காசு சட்டப்படி செல்லுமெனினும் கடைகளில் வாங்குவதில்லை. எனவே ரொக்கமாகப் பகிர்பவர்கள் ரூபாய்க்குக் கீழ் உள்ளதை யாராவது ஏற்க வேண்டும். 1,000 ரூபாயை மூவர் பிரித்தால் 333, 333, 334. அந்த ஒரு ரூபாயைச் சீட்டை எடுத்தவரே ஏற்பது பெரும்பாலும் எழுதாத விதி.

காணாமற்போன ரூபாய்

அன்பளிப்பும் பகிர்வும் சேர்ந்து வரும் புகழ்பெற்ற புதிர் ஒன்று பல மொழிகளில் வழங்குகிறது. மூவர் உணவகத்தில் ஆளுக்குப் பத்தாக 30 ரூபாய் கொடுத்தனர். உண்மையான தொகை 25 தான் என்று கண்ட உரிமையாளர், 5 ரூபாயைச் சர்வரிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். மூன்று பேருக்கு ஐந்தைப் பிரிக்க இயலாது என்று சர்வர் 2 ரூபாயைத் தாம் வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தார். இப்போது ஒவ்வொருவரும் கொடுத்தது 9, மூவருக்கும் 27. சர்வரிடம் 2. ஆக 29. மீதி ஒரு ரூபாய் எங்கே?

ரூபாய் எங்கும் போகவில்லை; கூட்டியதே பிழை. மூவர் கொடுத்த 27 ரூபாய்க்குள்ளேயே சர்வரின் 2 ரூபாய் அடங்கியுள்ளது: 25 கல்லாவில், 2 சர்வரிடம். 27உடன் 2ஐக் கூட்டுவது ஒரே பணத்தை இருமுறை எண்ணுவதாகும். 30 வரவேண்டுமானால் 27உடன் அவர்கள் திரும்பப் பெற்ற 3ஐக் கூட்ட வேண்டும். சேவைக் கட்டணம் ஏற்கெனவே அடங்கிய தொகையின் மீது மீண்டும் அன்பளிப்பைக் கணக்கிடுபவர் செய்யும் பிழையும் இதே வகையைச் சேர்ந்தது.

பிற நாடுகளில்

பிரான்சில் 1933 சூலை 19 நாளிட்ட சட்டம், சேவைக்கென்று உரிமையாளர் வாங்கும் பணம் முழுவதும் வாடிக்கையாளர்க்குப் பரிமாறும் ஊழியர்க்கே சேர வேண்டும் என்று விதித்தது. 1987 முதல் அங்கு உணவு விலைப்பட்டியலில் காட்டும் விலை வரியும் சேவையும் அடங்கியதாக இருக்க வேண்டும். ஆகவே அந்நாட்டினர் மேசையில் விடுவது சில நாணயங்களே. புதுச்சேரிக்கு வரும் பிரெஞ்சுப் பயணியர் சிலர் குறைவாக வைப்பதற்குக் கஞ்சத்தனம் காரணமன்று. அவர்கள் ஊரில் ஊதியம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஐக்கிய அமெரிக்காவில் நிலை நேரெதிரானது. அன்பளிப்பு பெறும் ஊழியருக்கு உரிமையாளர் கொடுக்க வேண்டிய கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் இது மாறவில்லை. எஞ்சியதை அன்பளிப்பே ஈடுகட்ட வேண்டும் என்பதால் 15 முதல் 20 விழுக்காடு கொடுப்பது அங்குக் கடமை போலவே ஆகிவிட்டது. இதை இழிவான வழக்கம் என்று எதிர்த்தவர்களும் அங்கு இருந்தனர். வாசிங்டன் மாநிலம் 1909இல் அன்பளிப்பைத் தடை செய்து, 1913இல் அத்தடையை நீக்கியது. இந்தியாவில் அன்பளிப்பைக் குறைந்தபட்ச ஊதியத்தில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை.

ஐக்கிய இராச்சியத்தில் 2024 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், அன்பளிப்பையும் சேவைக் கட்டணத்தையும் உரிமையாளர் பிடித்தம் எதுவுமின்றி ஊழியரிடையே நியாயமாகப் பங்கிட வேண்டும் என்கிறது. அட்டை மூலம் வந்த பணத்திற்கும் இது பொருந்தும். ஜப்பானில் அன்பளிப்பு கொடுக்கும் வழக்கம் இல்லை. அங்கு மேசையில் பணத்தை விட்டுச்சென்றால், மறந்து விட்டதாக எண்ணி ஊழியர் தெருவரை வந்து திருப்பிக் கொடுப்பதுண்டு.